பெட்டியில் 30, தண்ணீரில் 26: ஒரு மீன்தொட்டிச் சென்சர் பற்றிய நிகழ்வு ஆய்வு

கார்த்திகை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அக்காவின் மகன், என் மருமகன், தொலைபேசியில் அழைத்தான். "மாமா, டிஸ்கஸ் மீனெல்லாம் கறுத்துப்போய் மூலையில ஒதுங்கி நிக்குது. சாப்பாடும் எடுக்குதில்ல. சூடு சரியாத்தான் இருக்கு, பெட்டியில 29 காட்டுது."

பெட்டி என்றால் தண்ணீரின் சூட்டைச் சென்சரால் அளந்து ஹீற்றரை எரித்து அணைக்கும் கொன்ட்ரோலர். அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் நம்பினேன். நம்பியதில் ஒன்பது நாள் போனது, ஒரு மீனும் போனது. அடுத்து வந்த இரண்டு மாதத்தில் அதே தொட்டியில் இன்னொரு சென்சர் நேர் எதிர்ப்பக்கமாகப் பிழை காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

தொட்டியும் பெட்டியும்

அக்காவின் வீடு திருகோணமலையில், உவர்மலையில். முன் விறாந்தையை அடைத்துக் கட்டிய அறையில் தொட்டி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேரே உள்ளே வரும். இந்தக் காற்று பின்னால் கதைக்குள் வரப்போகிறது.

மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் மரக்கட்டையும் போக 150 லீற்றர் அளவு தண்ணீர். ஆறு டிஸ்கஸ். 200 வாட்ஸ் கண்ணாடி ஹீற்றர் ஒன்று. அதன் பிளக் சுவரில் இல்லை, ஒரு வெப்பநிலைக் கொன்ட்ரோலர் பெட்டியில். பெட்டியில் இருந்து கறுப்புக் கம்பி ஒன்று தொட்டிக்குள் போகிறது. அதன் நுனியில் விரல் நகத்தளவு சென்சர். தண்ணீர் 28.5-க்கு இறங்கினால் ஹீற்றர் எரியும், 29-க்கு ஏறினால் அணையும், 31-ஐத் தாண்டினால் மேலே உள்ள மின்விசிறி சுற்றும்.

திருகோணமலையில் மீனுக்கு ஹீற்றரா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. கச்சான் வீசும் மாதங்களில் (சூடான தென்மேற்குக் காற்றைச் சொல்கிறேன், கொறிக்கும் கச்சானை அல்ல) இந்த வீட்டில் எங்கள் தலைவலி தண்ணீரைக் குளிர வைப்பது எப்படி என்பதுதான். ஆனால் டிஸ்கஸ் அமேசன் ஆற்றுப் பக்கத்து மீன். 28 முதல் 30 பாகை வரை வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல் வேண்டும். மாரியில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் இந்த அறை இரவில் 24, 25-க்கு வந்துவிடும். சாதாரண கப்பி மீனுக்கு அது ஒன்றுமில்லை. டிஸ்கஸ் கறுத்து ஒதுங்கும்.

ஒன்பது நாள்

முதல் நாள் நாங்கள் தண்ணீரைத்தான் சந்தேகித்தோம். அமோனியா சோதனை சரி. மருமகன் கால்வாசித் தண்ணீர் மாற்றினான். நான்காம் நாள் இரண்டு மீனின் செட்டையில் உப்புத்தூள் தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளி வந்தது. மூன்று வாரத்துக்கு முன் வாங்கி விட்ட மீன் ஒன்றோடு வந்திருக்க வேண்டும். வந்த ஒட்டுண்ணி அதுவரை அடங்கிக் கிடந்தது, மீன் சோர்ந்ததும் தலைதூக்கியது.

வெள்ளைப் புள்ளிக்கு எல்லோரும் செய்வதைச் செய்தோம்: உப்புப் போட்டு, சூட்டைக் கூட்டுவது. சூடு கூடினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று விரைவாகும், மீனை விட்டு அது வெளியே வரும் கட்டத்தில் மருந்து பிடிக்கும். ஐந்தாம் நாள் பெட்டியை 30-க்கு வைத்தோம். பெட்டியும் ஒழுங்காக 30 காட்டியது. புள்ளி குறையவில்லை. எட்டாம் நாள் காலை ஒரு மீன் இறந்து கிடந்தது.

இதற்கிடையில் மூன்று சாட்சிகள் வாய் திறந்து சொன்னார்கள், நாங்கள் காது கொடுக்கவில்லை. கண்ணாடியின் வெளியே ஒட்டிய நிறம் மாறும் பட்டி 26 காட்டியது. "அது வெளியில ஒட்டினது, அறையின்ட குளிரைத்தான் காட்டும்" என்று மருமகன் ஒதுக்கினான். அதில் பாதி உண்மை. அந்தப் பட்டி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், அறை குளிர்ந்தால் ஒரு பாகை குறையும். நான்கு பாகை குறையாது.

இரண்டாவது சாட்சி அக்கா. தொட்டி மூடியைத் துடைக்கும்போது கை தண்ணீரில் பட்டிருக்கிறது. "தம்பி, தண்ணி குளிராக் கிடக்கே" என்றார். அடுப்படியில் இருந்து வந்த கைக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன் நான். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் ஏழு கிணற்றிலும் வரிசையாக வாளி விட்டு ஊற்றியவர்களுக்கு இது தெரியும்: சூடு கூடிய கிணற்றில் குளித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் அது பச்சைத் தண்ணீர் போல இருக்கும், மறுபக்கத்தில் இருந்து வந்தவருக்கு அதே கிணறு சுடும். கை ஒப்பிட்டுத்தான் சொல்லும். அந்த நியாயம் சரிதான், அன்றைக்கு அக்காவின் கையும் சரிதான்.

மூன்றாவது சாட்சிதான் முக்கியமானது, ஹீற்றரின் சிவப்பு விளக்கு. மாரிக்காலத்தில் இந்தத் தொட்டியை 29-இல் வைத்திருக்க ஹீற்றர் மூன்றில் ஒரு பங்கு நேரமாவது எரிய வேண்டும். அந்த வாரம் அது எரிந்ததை வீட்டில் ஒருவருமே பார்த்ததாக நினைவில்லை. அறை 25, தண்ணீர் 29, ஹீற்றர் எரியவில்லை என்றால் சூடு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஒன்பதாம் நாள்தான் கேட்டேன்.

ஐஸ் கோப்பை

வீட்டில் இருந்த இலத்திரனியல் காய்ச்சல் வெப்பமானியைத் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். எண் வரவில்லை, "லோ" என்று எழுத்துத்தான் வந்தது. அவை பெரும்பாலும் 32-க்குக் கீழே அளப்பதில்லை. சரி என்று ஒரு கண்ணாடி வெப்பமானி, சிவப்புத் திரவம் உள்ளது, வாங்கி வந்தேன். கடையில் இருந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மேசையில் மூன்றும் மூன்று எண். ஒன்றோடொன்று ஒத்திருந்த இரண்டில் ஒன்றை எடுத்தேன். அதுவும் உத்தரவாதமில்லை, அதனால் ஐஸ் சோதனை.

இதைச் செய்யும் முறை எளிது, ஆனால் பலர் பிழையாகச் செய்கிறார்கள். தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியை மிதக்கவிட்டால் அது 0 பாகை ஆகாது, அடியில் 3, 4 இருக்கும். ஐஸைத் துணியில் சுற்றி நொறுக்கி, கோப்பை நிறையப் போட்டு, இடைவெளியை மட்டும் தண்ணீரால் நிரப்ப வேண்டும். கலக்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் அந்தக் கூழ் 0-இல் நிற்கும். தேத்தண்ணி ஃபிளாஸ்க்கில் செய்தால் இன்னும் நல்லது.

கண்ணாடி வெப்பமானி 0.5 காட்டியது. நம்பலாம். தொட்டியில் விட்டபோது 26.8. அரைப் பாகையைக் கழித்தால் தண்ணீர் 26.3. பெட்டியில் அப்போதும் 30.

அடுத்து பெட்டியின் சென்சரையே ஐஸ் கூழில் இறக்கினோம். எண் இறங்கி இறங்கி 8.4-இல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கோப்பை. இங்கேதான் காய்ச்சல் வெப்பமானி கை கொடுத்தது. 35 முதல் 42 வரை அது நம்பகமானது, பொதுவாக 0.1, 0.2 பாகைக்குள் சரியாக இருக்கும், எல்லா வீட்டிலும் உள்ளது, இல்லாவிட்டால் பாமசியில் கிடைக்கும். அது 37.0 காட்டிய தண்ணீரில் பெட்டி 39.7 காட்டியது.

மூன்று எண்ணையும் மருமகன் கொப்பியில் எழுதினான். ஐஸில் 8.4 பாகை கூட. தொட்டியில் 3.7 கூட. வெந்நீரில் 2.7 கூட. "எல்லா இடத்திலயும் கூடத்தானே மாமா காட்டுது, பெட்டியில திருத்தம் போட்டுக் கழிச்சு விட்டா என்ன?" என்று கேட்டான். அந்தப் பெட்டிகளில் அப்படி ஒரு வசதி உண்டு: இத்தனை பாகை கூட்டு, இத்தனை கழி என்று சொல்லி வைக்கலாம். ஆனால் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால்தான் அது உதவும். இங்கே குளிரில் பிழை பெரிதாகவும் சூட்டில் சிறிதாகவும் இருக்கிறது. இந்தக் கோலமே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது.

அந்தச் சென்சர் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 25 பாகையில் 10 கிலோ ஓம் என்பது இந்த மலிவுப் பெட்டிகளில் அதிகம் வரும் வகை. தொட்டிச் சூட்டில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 350 ஓம் மாறும். பெட்டிக்குத் தெரிந்தது தடை மட்டும்தான். தடை குறைந்தால் "சூடு" என்று எழுதும்.

சென்சரின் பிளாஸ்ரிக் உறைக்குள் தண்ணீர் கசிந்தால், இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரத்தின் வழியாக ஒரு கள்ளப் பாதை உண்டாகிறது. மின்சாரம் தெர்மிஸ்டர் வழியாகவும் போகும், ஈரத்தின் வழியாகவும் போகும். மொத்தத் தடை குறையும். பெட்டி அதைச் சூடு என்று வாசிக்கும். குளிரில் தெர்மிஸ்டரின் தடை பெரிதாக இருப்பதால் கள்ளப் பாதையின் பங்கு கூடும், பிழையும் கூடும். எங்கள் எண்களை வைத்துக் கணக்குப் பார்த்தால் அந்தக் கசிவு 60, 65 கிலோ ஓம் அளவில் வந்தது. மல்டிமீற்றரும் அதையே சொன்னது: ஐஸில் 27 முதல் 29 கிலோ ஓம் வரை காட்ட வேண்டிய சென்சர் 20-ஐக்கூடத் தொடவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அன்றிரவு சென்சரைக் கழற்றி மேசை விளக்கின் அருகே தொங்கவிட்டோம். அடுத்த நாள் சோதித்தால் ஐஸில் 0.9! உள்ளே இருந்த ஈரம் உலர்ந்துவிட்டது. "சுகமாயிற்று" என்று மருமகன் அதைத் திரும்பப் போடப் பார்த்தான். கத்தியால் உறையைக் கீறிக் காட்டினேன். உள்ளே கம்பி கறுத்து, அடியில் பழுப்பு நிறப் பொடி. தண்ணீர் போன வழி அப்படியே திறந்து இருக்கிறது. உலர்ந்து சரியாகிய சென்சர் சில நாளில் மீண்டும் பொய் சொல்லும், அதுவும் மெதுமெதுவாக.

முகப்பு ஏன் மாறவில்லை

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். ஒரு வெப்பமானி பழுதானால் அது காட்டும் எண் விசித்திரமாக மாறும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சென்சர் நாள் கணக்கில் பழுதாகிக்கொண்டே இருந்தும் பெட்டியில் 29, 29, 29 என்றே நின்றது. ஒரு தசம்கூட சந்தேகம் தரவில்லை.

காரணம், அந்தப் பெட்டி வெறும் வெப்பமானி அல்ல, அந்த எண்ணை 29-இல் வைத்திருப்பதே அதன் வேலை. சென்சர் ஒரு பாகை கூட வாசித்தால், ஹீற்றரை அணைத்துத் தண்ணீரை ஒரு பாகை குளிரவிட்டு, எண்ணைத் திரும்ப 29-க்குக் கொண்டுவந்துவிடும். சென்சரின் பிழை முழுவதும் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. பிழை எவ்வளவு மெதுவாக வளர்கிறதோ அவ்வளவு சுத்தமாக மறைகிறது. கணக்குப்பிள்ளையே களவெடுத்துவிட்டுக் கணக்கையும் அவரே எழுதினால் கணக்கில் என்ன தெரியும்? அதுபோலத்தான்.

அதனால் கொன்ட்ரோலரின் முகப்பைப் பார்த்து கொன்ட்ரோலரைச் சோதிக்க முடியாது. வெளியே இருந்து ஒரு கண் வேண்டும்: தனியான கண்ணாடி வெப்பமானி, அல்லது ஹீற்றர் எவ்வளவு நேரம் எரிகிறது என்ற கணக்கு.

சென்சர் ஒரேயடியாகச் செத்துப்போனால் பெரிய ஆபத்து இல்லை. கம்பி அறுந்தால் இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் பிழைக் குறி காட்டி, சத்தமிட்டு, ஹீற்றர், மின்விசிறி இரண்டையும் அணைத்துவிடும்.

புதிய சென்சர் வாங்கும்போது ஒரு கவனம். 25 பாகையில் 10 கிலோ ஓம் என்று போட்டிருந்தால் போதாது. தடை குறையும் வேகத்தைக் குறிக்கும் இன்னொரு எண் உண்டு, 3435 ஒரு வகை, 3950 இன்னொரு வகை. ஒன்றுக்கு உரிய பெட்டியில் மற்றதைப் போட்டால் 25-இல் சரியாகக் காட்டும், 29-இல் அரைப் பாகைக்கு மேல் பிழை காட்டும், ஐஸில் இன்னும் மோசம். கடையில் இதைக் கேட்டால் முழிப்பார்கள். மல்டிமீற்றரும் ஐஸும் இருந்தால் நாமே பார்க்கலாம்: ஐஸில் முதலாவது வகை 27 முதல் 29 கிலோ ஓம், இரண்டாவது 32, 33.

புதிய சென்சர் போட்டு, தண்ணீரை ஒரே நாளில் ஏற்றாமல் நாளுக்கு ஒரு பாகையாக 30-க்குக் கொண்டுவந்தோம். பத்து நாளில் புள்ளிகள் போயின. ஐந்து மீன் மிஞ்சின.

தை மாதத்தில் மறுபடி

புதிய சென்சரின் கம்பி குட்டை. பெட்டியில் தண்ணீர் தெறிக்காமல் இருக்க அத்தான் அதைச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்தார். எட்டவில்லை. வீட்டில் கிடந்த தொலைபேசிக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி நீட்டிவிட்டார். தொட்டி மூடிக்குச் சற்று மேலே, ஆவி படும் இடத்தில், கடல் காற்று வரும் ஜன்னலுக்கு நேரே அந்த முடிச்சு. நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இது என் பங்கு.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் காலை ஆறு மணிக்கு அக்கா அழைத்தார். மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பெட்டியில் 27.4. சிவப்பு விளக்கு எரிகிறது. அன்றைக்கு அக்கா யாரையும் கேட்கவில்லை, கண்ணாடி வெப்பமானியைத்தான் பார்த்தார். பிழையைக் கழித்தால் 33.

பிளக்கைக் கழற்றச் சொன்னேன். தண்ணீரில் கை வைப்பதற்கு முன் பிளக், இது எப்போதும். மூடியைத் திறந்து, எயார் பம்ப்பைக் கூட்டி, மின்விசிறியைத் தண்ணீரின் மேல் திருப்பிவிட்டோம். ஐஸ் கொட்டவில்லை. சூட்டில் மீன் தவிப்பதற்கு ஒரு காரணம் மூச்சு: நன்னீர் 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஒட்சிசன் பிடிக்கும், 30-இல் 7.6, 35-இல் 7.0. சூடான மீனுக்குத் தேவை கூடும், தண்ணீரில் இருப்பு குறையும். பத்து மணிக்குத் தண்ணீர் 30-க்கு வந்தது. ஒன்றும் சாகவில்லை. ஒரு மீன் மட்டும் இரண்டு கிழமை சாப்பாட்டைத் தொடவில்லை.

கம்பியை நான் விரலால் தட்டியபோது பெட்டியில் எண் 27-இல் இருந்து 31-க்குத் துள்ளி, திரும்ப 28-க்கு விழுந்தது. டேப்பைப் பிரித்தால் முறுக்கிய செம்பு பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. உப்புக் காற்றும் ஆவியும் இரண்டு மாதத்தில் செய்த வேலை.

இது முதல் நோயின் நேர் மறுபக்கம். கசிவு தடையைக் குறைக்கும், களிம்பு தடையைக் கூட்டும். கூடிய தடையைப் பெட்டி குளிர் என்று வாசிக்கும், ஹீற்றரை எரித்துக்கொண்டே இருக்கும். அந்த முடிச்சில் ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோ ஓம் புகுந்திருந்தால் 33 பாகைத் தண்ணீர் 27.4 என்று தெரியும். பிழையின் கோலமும் மறுபக்கம்தான்: ஐஸில் இதே முடிச்சு ஒரு பாகைக்குச் சற்றுக் கூடத்தான் பிழை காட்டும், சூட்டில் ஐந்து, ஆறு. அதனால் ஐஸ் சோதனை மட்டும் செய்பவர் இந்த நோயைத் தவறவிடலாம். வெந்நீர்க் கோப்பையும் வேண்டும்.

இரண்டில் எது கொடியது? திருகோணமலையில் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். ஹீற்றர் முற்றாக அணைந்தால் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்து 24, 25-இல் நின்றுவிடும். மீன் நோய்ப்படும், நமக்கு நாள் கணக்கில் நேரம் இருக்கும். அணையாமல் எரிந்தால் ஓர் இரவு போதும். குளிரான நுவரெலியாவில் தொட்டி வைத்திருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது.

ஹீற்றருக்குள்ளேயே ஒரு சூட்டுக் கட்டுப்பாடு உண்டு, தலையில் திருகும் குமிழ். அது இந்த இரவில் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் "பெட்டி பார்த்துக்கொள்ளும்தானே" என்று அதைக் கடைசி எண்ணான 34-க்குத் திருகி வைத்திருந்தோம். இப்போது அது 31-இல் நிற்கிறது. பெட்டி 29-இல் அணைக்கத் தவறினால் ஹீற்றர் தானே 31-இல் அணையும். பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச்சின் முனைகள் ஒட்டிப்போய் அணைய மறுப்பதும் உண்டு, அப்போது சென்சர் எவ்வளவு உண்மை பேசினாலும் பயனில்லை. அதற்கும் இந்தக் குமிழ்தான் காவல். இந்த நிகழ்வில் இருந்து ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யலாம், காசும் செலவில்லை.

மருமகனின் பலகை

பள்ளி விடுமுறையில் மருமகன் பழைய பெட்டியை ஓரம் கட்டிவிட்டு, நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் டிஎஸ் 18பி20 என்ற டிஜிட்டல் சென்சரும் வாங்கி, தானே ஒன்று செய்யத் தொடங்கினான். தெர்மிஸ்டர் போல இது தடையை அனுப்புவதில்லை, எண்ணையே அனுப்புகிறது. களிம்பு பிடித்த முடிச்சு எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிக்காது. ஒன்றில் சரியான எண் வரும், அல்லது அபத்தம் வரும். எனக்குப் பிடித்த குணம் அது. அசல் என்றால் ‑10 முதல் 85 பாகை வரை அரைப் பாகைக்குள் சரி. சந்தையில் போலிகள் நிறையப் புழங்குகின்றன, அதனால் வாங்கிய மூன்றையும் ஐஸிலும் வெந்நீரிலும் இட்டோம். இரண்டு 0.2-க்குள் ஒத்தன, மூன்றாவது ஒரு பாகைக்கு மேல் விலகியது. அது குப்பைக்கு.

அவன் எழுதிய முதல் நிரல் ஒரே வரி: வெப்பநிலை 29-க்குக் கீழே என்றால் ஹீற்றரை எரி. "சென்சரைக் கழற்றிப் பார்" என்றேன். கழற்றினான். டக் என்று ரிலே விழுந்து ஹீற்றர் விளக்கு எரிந்தது. திரையில் ‑127.

இந்தச் சென்சருக்கு எல்லோரும் பயன்படுத்தும் நிரல் நூலகம், சென்சர் பதில் சொல்லாவிட்டால் ‑127 என்ற எண்ணைத் தரும். "ஆளைக் காணவில்லை" என்பதற்கான அடையாளம் அது. அவன் நிரலோ அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு எரிக்கத் தொடங்கியது. கம்பி கழன்றால் தொட்டி அவியும். இன்னொரு எண் 85. கரண்ட் வந்தவுடன், அளவெடுத்து முடிக்கும் முன் கேட்டால் சென்சர் சொல்லும் எண் அது. முழுத் துல்லியத்தில் ஓர் அளவுக்கு அதற்கு முக்கால் செக்கன் வரை வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் இந்த 85 அடிக்கடி எட்டிப்பார்த்தது. கம்பி நீளம் கூடி, செய்திக் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் இழுதடை என்ற மின்தடை சரியில்லாவிட்டாலும் இப்படித் தடுமாறும். 4.7 கிலோ ஓம் போட்டதும் அடங்கியது.

திருத்திய நிரலில் அந்த இரண்டு எண்ணும் வந்தால் "தெரியாது" என்று அர்த்தம். தெரியாது என்றால் ஹீற்றரை அணை, பஸரை அடி. இதற்கு மேல் தண்ணீரின் பாரத்தையே சாட்சிக்கு அழைத்தோம். 150 லீற்றரை ஒரு பாகை உயர்த்த 200 வாட்ஸ் ஹீற்றருக்கு, வெளியே ஒரு துளி சூடு போகாவிட்டாலும், 52 நிமிடம் வேண்டும். அப்படியிருக்க ஐந்து நிமிடத்தில் ஒரு பாகை மாறியதாக ஒரு சென்சர் சொன்னால் தண்ணீர் மாறவில்லை, சென்சர்தான் பேசுகிறது. தண்ணீர் மாற்றும்போது சென்சர் வெளியே தொங்கிப்போவதையும் இந்த விதியே பிடிக்கும். போன வருடம் அப்படி ஒரு தடவை நடந்து, விறாந்தைக் காற்றைத் தொட்டிச் சூடு என்று அளந்துகொண்டிருந்தது.

மெதுவான பொய்யை இந்த விதி பிடிக்காது. அதற்காகத்தான் இரண்டு சென்சர், தொட்டியின் இரு மூலையில், வேறு வேறு கம்பியில். இரண்டுக்கும் நடுவே ஒரு பாகைக்கு மேல் விலகினால் ஹீற்றர் அணையும். இரண்டில் யார் பொய் என்று அதற்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை, ஆளைக் கூப்பிட்டால் போதும். நாலு மணித்தியாலம் தொடர்ந்து எரிந்தும் தண்ணீர் ஏறாவிட்டாலும் பஸர் அடிக்கும்.

பொருத்தியதில் ஒரு சிறு விஷயம். இந்தச் சென்சரின் உருக்குக் குழாய் முழுவதும் தண்ணீர் புகாதது என்று விற்கிறார்கள். குழாய்க்குள் கம்பி நுழையும் வாய்தான் பலவீனமான இடம். அந்த வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க, நுனி மட்டும் முங்கும்படி கட்டினோம். கம்பியைப் பெட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு தொய்வு விட்டோம், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். முடிச்சுகளை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினோம். டேப் இல்லை. தொட்டிக்குப் போகும் மின்சாரம், கசிவு வந்தால் தானே அணையும் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது என்பதையும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த உருக்குக் குழாயே ஆகாது, உப்பு அதைப் பொத்தல் போட்டுவிடும். அவர்கள் கண்ணாடி அல்லது பிளாஸ்ரிக் உறை தேட வேண்டும்.

இப்போது

கண்ணாடி வெப்பமானியை எடுத்துவிடலாம் என்று மருமகன் சொன்னான், அசிங்கமாக இருக்கிறதாம். அக்கா விடவில்லை. காலையில் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு வரும்போது தொட்டியைப் பார்த்து, கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் இரண்டு எண் எழுதுகிறார்: கண்ணாடி சொன்னது, பலகை சொன்னது. பால் கணக்கும் அதே கட்டத்தில்தான் இருக்கிறது, குழம்பாமல் அவருக்கு மட்டும் வாசிக்க முடியும்.

கண்ணாடியின் அரைப் பாகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மாசி மாதம் இரண்டுக்கும் இடையில் 0.1 இருந்தது. ஆனியில் 0.2. போன கிழமை மூன்று நாள் தொடர்ந்து 0.4. பஸர் அடிக்கும் தூரம் இன்னும் வரவில்லை. மருமகன் ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டை நிரப்பி வைத்திருக்கிறான், மேசை லாச்சியில் புதுச் சென்சர் ஒன்றும் இருக்கிறது. சனிக்கிழமை கழற்றிப் பார்க்கிறோம்.